கைக்குப் பிந்தி வந்த உதை

நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகிறது. ராமநாதபுரத்தில் கேணிக்கரைப் பக்கம் வீடு. போன மாதம் ஒருநாள் காலையில் சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெயர் நிவேதா. நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் இப்போது வேலை பார்க்கிறாள். பழைய வீடியோ கேம்களை இன்றைய கருவிகளில் ஓடும்படி மாற்றி மறுபடி வெளியிடுகிறார்களாம். அதில் ஒன்று, கால் நூற்றாண்டுக்கு முன்னால் நாங்கள் செய்த சண்டை ஆட்டம்.

"சார், நீங்க எழுதின புரோகிராமைப் படிச்சிட்டிருக்கேன். ரொம்ப சுத்தமா இருக்கு. ஒரு இடம் மட்டும்தான் புரியல. பட்டனை அமுக்கினதும் அதை உடனே அனுப்பாம மூணு ஃபிரேம் பிடிச்சு வெச்சுக்கறீங்க. அதுக்கு மேல இங்கிலீஷ் எழுத்துல 'தொடாதே'ன்னு தமிழ்ல எழுதியிருக்கீங்க. அது வேணும்னே வெச்சதா சார், இல்ல எடுக்க மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். வாய் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன். மறுநாள் சொன்னேன். அவளிடம் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ராமநாதபுரத்துக்கு மேற்கே உள்வாங்கியிருக்கும் ஒரு கிராமம். அய்யா குண்டு மிளகாய் போட்டார். மழை பெய்த வருடம் நெல்லும் உண்டு. மதுரையில் படித்து, சென்னையில் பாங்குகளுக்கு புரோகிராம் எழுதும் கம்பெனியில் ஆறு வருடம் இருந்தேன். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுதான்: எழுதியதைத் திரும்பப் படிப்பது. பிறகு, வெளிநாட்டுக்காரர்களுக்காக வீடியோ கேம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். அய்யாவிடம் சொன்னபோது, "பெரிய படிப்புப் படிச்சிட்டு விளையாட்டுச் சாமான் செய்யப் போறியாக்கும்" என்றார். அப்புறம் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அந்தக் கம்பெனியில் எனக்கு மேலே இருந்தவர் திலகவதி மேடம். ஐம்பதை நெருங்கிய வயது. குரலை உயர்த்தவே மாட்டார். யார் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து வரும் முதல் வார்த்தை "எத்தனை?" என்பதுதான். "மேடம், இப்ப வேகமா ஓடுது" என்றால், "எத்தனை வேகமா?" என்பார். "கொஞ்சம் தடுமாறுது" என்றால், "எத்தனை தடவைக்கு எத்தனை தடவை?" என்பார். பதில் இல்லாவிட்டால் கோபப்பட மாட்டார். "எண்ணிட்டு வாங்க" என்று தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிடுவார். அவர் மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டியிருக்கும். எண்ணிக்கொண்டு வந்தவற்றை நாங்கள்தான் அதில் எங்கள் கையால் எழுத வேண்டும். எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். சார்ட்டில் ஏறியதை அவர் அப்புறம் சந்தேகப்பட்டதே கிடையாது.

சண்டை ஆட்டம் எங்களிடம் வந்தபோது, அது ஏற்கெனவே உலகமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. காசு போட்டு நின்றுகொண்டே ஆடும் பெரிய மிசின் ஆட்டம். அதை வீட்டு டிவியில் செருகி ஆடும் சின்னப் பெட்டிக்குள் கொண்டுவர வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். மிசினுக்குள் எல்லாப் படங்களும் சில்லுகளில் எழுதித் தயாராக இருக்கும். கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும். பெட்டிக்கோ நினைவகம் கொஞ்சம். பாதிப் படங்களையும் குரல்களையும் டிஸ்க்கில் வைத்து, தேவைப்படும்போது படித்தெடுக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவே டிஸ்க்கைப் படிக்கப் போனால் படம் அப்படியே உறைந்து நிற்கும். அது மூன்று மாதம் எங்கள் உயிரை எடுத்தது.

தீர்த்து வைத்தது நான்தான். திரையில் படம் நொடிக்கு அறுபது தடவை மாறுகிறது. ஒவ்வொரு தடவையையும் ஒரு ஃபிரேம் என்போம். ஆடுபவர் அமுக்கும் பட்டன்களை உடனே செயல்படுத்தாமல், மூன்று ஃபிரேம்கள் வரிசையில் நிறுத்தி வைத்தேன். அந்த இடைவெளியில் டிஸ்க்கைப் படித்துவிடலாம். உறைவது நின்றுபோனது. திலகவதி மேடம் எல்லோர் முன்னாலும், "பூமிநாதன் இல்லேன்னா இந்த ஆட்டம் வீட்டுக்குள்ள வந்திருக்காது" என்றார். அடுத்த ஆட்டத்துக்கு என்னையே குழுத் தலைவராகப் போடப் போவதாகவும் சொன்னார். அவர் யாரையும் புகழ்ந்து நான் அதுவரை கேட்டதில்லை.

மூன்று ஃபிரேம் என்பது நொடியில் இருபதில் ஒரு பங்கு. யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன்.

ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு சிக்கல் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மிசினின் சர்க்யூட் பலகை, ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு. எங்களுக்கு வேண்டியது முதல் பதிப்பு. அது ஓடும் மிசின் சென்னையில் கிடைக்கவில்லை. ராமேஸ்வரத்தில் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். லீவில் ஊருக்குப் போகும்போது அங்கே போய் ஆடியிருக்கிறேன். மேடம் உடனே முடிவெடுத்தார்: மிசின் இங்கே வராவிட்டால் பெட்டி அங்கே போகட்டும்.

அப்படித்தான், வேலைக்காகவே நான் ராமேஸ்வரத்தில் ஐந்து வாரம் தங்கினேன்.

கோயிலின் கிழக்கு வாசலிலிருந்து கடலுக்குப் போகும் வழியில், ஒரு சந்துக்குள் இருந்தது கோதண்டம் அண்ணன் கடை. முன்பக்கம் சங்கு, சிப்பிப் பொருட்கள். உள்ளே மூன்று மிசின்கள். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரம் சொட்டச் சொட்ட வரும் யாத்திரைக்காரர்கள் அப்படியே உள்ளே நுழைந்துவிடுவார்கள். "ஈரத்துணியோட மிசினைத் தொடாதீய, சாக் அடிச்சிரும்" என்று அண்ணன் கத்திக்கொண்டே இருப்பார். உப்புக் காற்றில் பட்டன்களின் செப்பு பச்சை பூத்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை அதைச் சுரண்டித் துடைப்பது அவருடைய தங்கை மங்களேஸ்வரி.

மங்களத்துக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். பூர்வீகம் எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி. அது தெரிந்ததும் என்னை 'அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்தாள். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அண்ணன் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் இல்லாத நேரத்தில் ஆடி ஆடி, அந்த ஆட்டம் முழுக்க அவள் கைக்குள் இருந்தது. பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வரும் பையன்கள் இவளிடம் தோற்றுவிட்டு, மொழி தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்பார்கள். ஆட்டத்தின் வீரர்களுக்கு அவளே பெயர் வைத்திருந்தாள். குடுமி வைத்தவன் குடுமிக்காரன். சிவப்பு உடையில் உதைப்பவள் சிவப்புப் பாவாடை.

மிசினுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, டிவியையும் பெட்டியையும் வைத்தேன். ஒரே அடியை முதலில் மிசினில் அடிக்க வேண்டும், பிறகு பெட்டியில். வித்தியாசம் இருந்தால் எழுத வேண்டும். நான் கண்டுபிடித்ததைவிட மங்களம் கண்டுபிடித்தது அதிகம். "சிவப்புப் பாவாடை விழும்போது மிசின்ல தலை முதல்ல படும், இதுல தோள் முதல்ல படுது" என்பாள். போய்ப் பார்த்தால் நாங்கள் ஒரு படத்தை வெட்டியிருப்போம். இப்படி முதல் வாரத்திலேயே நாற்பதுக்கு மேல். போனில் சொன்னபோது மேடம் அசந்துபோனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி அவரே வந்துவிட்டார்.

மங்களம் ஆடுவதை அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு கோதண்டம் அண்ணனிடம், "உங்க தங்கச்சியை எங்ககிட்ட அனுப்புங்க. இதையே வேலையா செய்யலாம். பெண்கள் ஹாஸ்டல் இருக்கு, நான் பார்த்துக்கறேன்" என்றார்.

அண்ணன் தயங்கினார். "பொட்டப்புள்ளைய அம்புட்டுத் தூரம் எப்புடிம்மா அனுப்புறது? கல்யாணம் பேசிக்கிட்டு இருக்கோம்."

"போறேண்ணே" என்றாள் மங்களம். அண்ணனை எதிர்த்து அவள் பேசி நான் கேட்டது அன்றுதான். "எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை இதுதான். நான் போறேன்."

இரண்டு நாள் வீட்டில் சண்டை நடந்து, கடைசியில் அண்ணன் சம்மதித்தார். மேடம் நியமனக் கடிதத்தைத் தட்டச்சு செய்து தயாராக வைத்திருப்பதாகப் போனில் சொன்னார்.

நான்காவது வாரம், மங்களம் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, இதுல என்னமோ பிந்துது" என்றாள்.

"எது?"

"எல்லாமேதான். குடுமிக்காரன் குதிக்கையில முழங்கால் மடங்கும் பாருங்க, அப்ப நான் உதைச்சுத் தடுப்பேன். மிசின்ல பத்துக்குப் பத்து தடுத்துருவேன். இதுல நாலு தடவைதான் முடியுது. கை போயிருது, உதை பின்னாடி வருது."

"புதுக் கன்ட்ரோலர், பழகணும்ல" என்றேன்.

"பழகிருச்சுண்ணே. நாலு வாரமாச்சுல்ல" என்றாள்.

மேடத்துக்கு நாங்கள் தினமும் அனுப்பும் அறிக்கையில் அவள் அதை எழுதினாள். மறுநாளும் எழுதினாள். ஐந்து நாளும் அதையே எழுதினாள். மேடத்திடமிருந்து போன் வந்தது. "எத்தனை பிந்துதுன்னு எண்ணுங்க பூமி. ஒரு ஃபிரேம் வரைக்கும் பரவாயில்லை. அதுக்கு மேல போனா வெளியே விட முடியாது. முடிச்ச டிஸ்க்கை வெளிநாட்டுக்கு அனுப்ப ஒன்பது நாள்தான் இருக்கு. நீங்களே எண்ணுங்க." எண்ணுவதற்காக ஒரு வீடியோ கேமராவையும் ஆள் மூலம் அனுப்பியிருந்தார்.

எண்ணும் முறை இதுதான். பட்டனின் ஒயரோடு ஒரு சின்னச் சிவப்பு பல்பை இணைக்க வேண்டும். பட்டனை அமுக்கியதும் பல்பு எரியும். அந்தப் பல்பைத் திரையின் ஓரத்தில் ஒட்டி, திரையும் பல்பும் சேர்ந்து தெரியும்படி கேமராவில் படமெடுக்க வேண்டும். பிறகு டேப்பை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, பல்பு எரிந்ததிலிருந்து உதை கிளம்பும் வரை எத்தனை என்று எண்ண வேண்டும். மிசினில் இருபது தடவை, பெட்டியில் இருபது தடவை.

மத்தியானம் கோயில் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் செய்தேன். சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. வெளிச்சம் திரையில் விழாமலிருக்க ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். மங்களம் சாப்பிடப் போயிருந்தாள். மிசினில் ஒன்று வந்தது. ஏறக்குறைய இருபது தடவையும் ஒன்றுதான். பெட்டியில் நான்கு. சில தடவை ஐந்து. ஒரு தடவைகூட அதற்குக் கீழே இல்லை.

எங்கே பிந்துகிறது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. அந்த வரிசை என் கையால் எழுதியது. அதை எடுத்தால் படம் மறுபடி உறையும். எல்லாவற்றையும் கலைத்து அடுக்க இரண்டு வாரமாவது ஆகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். இருப்பதோ ஒன்பது நாள். இது ஒரு காரணம்தான். முழு உண்மையையும் எழுதிவிடுகிறேன். எல்லோர் முன்னாலும் என்னைப் புகழ வைத்த அந்த வேலைதான் ஆட்டத்தின் குறை என்று, சிப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் கண்டுபிடித்துவிட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மேடத்துக்குப் போன் செய்தேன். "மிசின் ஒண்ணு, பெட்டி ரெண்டு" என்றேன்.

"நிச்சயமா?"

"இருபது தடவை எண்ணினேன் மேடம்."

பிறகு, "அந்தப் பொண்ணு ஏன் அப்படிச் சொல்றா?" என்று கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். "கை நல்லாத்தான் இருக்கு. ஆனா சொல்றது எண்ணோட ஒத்துப்போகலையே. அஞ்சு நாளா இல்லாத ஒண்ணை இருக்குன்னு எழுதறவங்களை வெச்சு நான் எப்படி வேலை நடத்தறது? அந்தக் கடிதத்தை நான் அனுப்பப் போறதில்லை பூமி. நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க."

மங்களம் சாப்பிட்டுவிட்டு வந்தாள். வந்ததும், "எண்ணியாச்சாண்ணே?" என்றாள். முகத்தில் அத்தனை ஆவல்.

"எண்ணியாச்சு. ஒரு ஃபிரேம்தான் வித்தியாசம். அது யாருக்கும் தெரியாது."

அவள் டிவியைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்து ஒருதரம் பார்த்துக்கொண்டாள். "அப்ப எனக்குத்தான் தப்பாத் தோணுதாண்ணே?"

"அப்படித்தான் போல" என்றேன்.

வேலையைப் பற்றியும் சொன்னேன். அவள் கன்ட்ரோலரின் ஒயரைச் சுருட்டி வைத்தாள். கோதண்டம் அண்ணன்தான், "நல்லதாப் போச்சு. ஏத்தா, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்காத, அங்கன யாவாரத்தைப் பாரு" என்றார். சென்னைக்குத் திரும்பிப் போய் சார்ட் பேப்பரில் ஒன்று, இரண்டு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதே நாளில்தான், வேறு யாரும் தோண்டிவிடக் கூடாதென்று, அந்த வரிக்கு மேலே 'தொடாதே' என்று எழுதினேன்.

ஆட்டம் வெளியானது. படம் அழகு, சத்தம் அழகு என்றார்கள். மிசினில் ஆடிப் பழகியவர்கள் மட்டும் கை கனக்கிறது என்றார்கள். பத்திரிகைகளிலும் அதையே எழுதினார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அடுத்த ஆட்டத்தை எங்களுக்குத் தரவில்லை. பழி திலகவதி மேடத்தின் மேல் விழுந்தது. ஒரு வருடத்துக்குள் அவர் விலகிவிட்டார். கடைசி நாளில் என்னைக் கூப்பிட்டு, "இன்னும் எனக்குப் புரியலை பூமி. எண்ணெல்லாம் சரியாத்தானே இருந்தது?" என்று கேட்டார்.

"ஆமா மேடம்" என்றேன்.

அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்ல எனக்கு இருபது வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. அவர் இறந்துபோன செய்தி, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு வந்தது.

நிவேதாவிடம் இதையெல்லாம் சொன்னபோது, அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். நான்கு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். "சார், பழைய பெட்டி ஒண்ணு ஆபீஸ்ல இருக்கு, அதிலேயே போட்டுப் பார்த்தேன். சுத்துத் தொடங்கும்போதும் ஆள் விழும்போதும்தான் டிஸ்க்கைப் படிக்குது. நடுவுல சண்டை நடக்கிறப்போ படிக்கிறதே இல்ல. அந்த நேரத்துல மட்டும் வரிசையை நிறுத்திட்டேன். படம் உறையலை, உதையும் பிந்தலை. அதிகமா ஒண்ணும் மாத்தலை சார், ஒரு மத்தியானத்துல முடிஞ்சிருச்சு."

இரண்டு வாரம் என்று நான் போட்ட கணக்கை அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேடத்திடம் உண்மையைச் சொல்லியிருந்தால், "எப்ப எப்ப டிஸ்க்கைப் படிக்குதுன்னு எண்ணிட்டு வாங்க" என்று சொல்லியிருப்பார். எண்ணியிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

அந்த வாரமே கோதண்டம் அண்ணனைத் தேடிப் பிடித்துப் பேசினேன். மிசின்களையெல்லாம் எப்போதோ எடுத்துவிட்டாராம். "மங்களமா? உச்சிப்புளியில கட்டிக் குடுத்தோம். ஜெராக்ஸ் கடை வச்சிருக்கா. போய்ப் பாருங்க தம்பி, சந்தோசப்படுவா" என்றார்.

உச்சிப்புளியில் பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே கடை. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள், முன்முடி நரைத்திருந்தது. நான் பெயரைச் சொல்வதற்குள், "பூமி அண்ணனா! வாங்க, வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அந்த வரவேற்பை முழுதாக வாங்கிக்கொள்ளும் முன் சொல்லிவிட வேண்டும் என்று, தண்ணீர்கூடக் குடிக்காமல் சொல்ல ஆரம்பித்தேன். அவள் ஓர் ஆதார் அட்டையை லேமினேட் செய்துகொண்டே கேட்டாள். பாதியில் அவள் கை நின்றது.

"நெசமா எத்தனை வந்துச்சுண்ணே?"

"நாலு."

"மிசின்ல?"

"ஒண்ணு."

"அப்ப எனக்குத் தோணுனது சரிதான்" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

"மன்னிச்சிரும்மா" என்றேன். ரேஷன் கார்டு நகலெடுக்க ஒருவர் வந்தார். எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் பேசினாள்.

"வேலை கிடைக்கலங்கிறது பெரிசில்லண்ணே. மெட்ராஸ் போயிருந்தா எப்புடி இருந்திருப்பேனோ, யாரு கண்டா? ஆனா அதுக்கப்புறம் எனக்குத் தோணுறத நானே நம்புறதில்ல. மூத்தவ பொறந்து ஏழெட்டு மாசத்துலயே இவளுக்குக் காது சரியாக் கேக்கலன்னு எனக்குப் பட்டுச்சு. கதவைப் பட்டுன்னு சாத்துனாலும் திரும்ப மாட்டா. மாமியா, வீட்டுக்காரரு, எல்லாருமே 'புள்ள நல்லாத்தான் இருக்கு, நீயா ஒண்ண நெனச்சுக்கிறாத'ன்னாங்க. முன்ன மாதிரி இருந்தா விட்டிருப்பனா? மெட்ராசு போறதுக்கு அண்ணங்கிட்ட எப்புடி நின்னேன், பாத்தீங்கள்ல? நமக்குத் தோணுறது தப்பாத்தான் இருக்கும்னு பேசாம இருந்துட்டேன். மூணு வயசு வரைக்கும் பேச்சே வரல. அப்புறந்தான் மதுரைக்குத் தூக்கிக்கிட்டுப் போனோம். 'ஏம்மா இம்புட்டு நாள் கழிச்சுக் கொண்டாந்தீங்க'ன்னு டாக்டர் கேட்டாரு."

"இப்ப?" என்று கேட்டேன்.

"காதுல கருவி மாட்டியிருக்கா. கேக்குது. பேச்சுதான் முழுசா வரல. எங்களுக்குப் புரியும். வெளியாளுக்குப் புரியாது." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "அந்த ஆட்டத்தை இப்பச் சரி பண்ணிட்டாகளா?"

"பண்ணிட்டாங்க."

"எத்தனை நாளாச்சு?"

இரண்டு வாரம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அப்படிச் சொன்னால் அவளுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும், எனக்கும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மத்தியானம்" என்றேன்.

"ஒரு மத்தியானமா?"

"ஆமா."

அவள் எழுந்து, பாதியில் நின்றிருந்த ஆதார் அட்டையை எடுத்து ஓரங்களை வெட்ட ஆரம்பித்தாள். நான்கு ஓரத்தையும் நிதானமாக, நேராக வெட்டினாள். ரோட்டில் ராமநாதபுரம் பஸ் வந்து நின்றது.

"பஸ் வந்திருச்சு. போங்க" என்றாள்.

'போயிட்டு வாங்க' என்று அவள் சொல்லவில்லை. நான் ரோட்டைக் கடந்து போய் ஏறிக்கொண்டேன்.